இரண்டால் வகு

ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு ஒரே வேலை: எனக்குப் பின் கடல் ஆய்வு நிலையத்துக்கு வந்த போங் செய்யும் தவறுகளை எண்ணுவது. போன ஆகஸ்ட் வரை நாலாயிரம் ஆகியிருந்தது. குறைத்துத்தான் சொல்கிறேன்.

அன்று மதியம் கொரியாவின் தோங்யோங் கடலில், குவாக் மல்சுனின் மிதக்கும் மீன்கூண்டுகள் மேல் நின்றிருந்தோம். கீழே இரண்டு லட்சம் பாறைமீன்கள், அவளுடைய மூன்று வருட உழைப்பு. செம்பாசி பெருகினால் செவுள் அடைத்து ஒரே பொழுதில் அத்தனையும் செத்துப்போகும்.

போங் ஒளிர்வுமானியை நீருக்குள் இறக்கினான். அது நீல ஒளி அடிக்கும். நீரிலுள்ள நுண்பாசி சிவப்பாகத் திருப்பி ஒளிரும். ஒளிர்வு கூடினால் பாசி கூடுதல்.

"எட்டு. பத்தைத் தாண்டினாத்தான் எச்சரிக்கை. பயப்படாதீங்கக்கா."

"அப்புறம் ஏன் ரெண்டு நாளா மீனுங்க இரையைத் தொடல? உன் மூஞ்சியப் பாத்துட்டா?"

"சந்தேகமா இருந்தா கூண்டை ஆழத்துக்கு இறக்கிடுங்க, பாசி மேலாகத்தான் இருக்கும்."

"இறக்கினா ஒரு வாரம் பட்டினி. இளைச்ச மீனை நீயா வாங்குவ?"

ஜப்பான் கரையில் கடற்காக்கை மிரண்டு பறக்கும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். நீர் பார்லித் தேநீர் போலப் பழுப்பாக இருந்தது.

"போங், கருவி என்ன காட்டுச்சு?"

"பதினாறு சார். பெட்டி மேல உங்க சீட்டு இருக்கே, 'இரண்டால் வகு'ன்னு. வகுத்துட்டேன்."

 அந்தக் கருவி நீரில் உள்ள பாசியை இருமடங்காகக் காட்டும். நீரை வடிகட்டி, பச்சையத்தை அளந்து, அதைக் கண்டுபிடித்ததே நான்தான். சீட்டு ஒட்டியதும் நான்தான். ஆனால் ஓய்வுபெறும் வாரத்தில் தானே வகுத்துக் காட்டும் புதிய திரையைப் பொருத்தியதும் நான்தான். சீட்டைக் கிழிக்கவில்லை. பிரிவுவிருந்தும் சோஜு சாராயமும் காத்திருந்தன. மூத்தவர் கையெழுத்தைச் சுரண்ட எங்கள் நிலையத்தில் எவனுக்கும் கை வராது.

"நிஜமே பதினாறுதான்டா! திரையே வகுத்துடும்!"

 மல்சுன் ஓடிப்போய்க் கூண்டுகளை இறக்கும் பொறியைத் தட்டினாள். கயிறுகள் முனகின.

"அண்ணே, அந்தச் சீட்டு எத்தனை நாளா தப்பாச் சொல்லுது?"

"கொஞ்ச நாளாத்தான்," என்றேன். மூன்று வருடம். வாழ்நாளில் முதல்முறையாகக் குறைத்துச் சொன்னேன்.

முதல் கூண்டு மூழ்கியது. இரண்டாவது பாதி இறங்கும்போது வெள்ளை வயிறு ஒன்று மேலே வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கூட்டமாக.

போங் என்னைப் பார்த்தான். நான் எண்ணவில்லை.