உரலில் உமி

பகல் இரண்டு மணி. ராசம்மாள் உலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் காது கொடுத்தாள்.

பரண்மேல் அவள் தம்பி காத்தான் தூங்கிக்கொண்டிருந்தான். குறட்டை இல்லை.

அவன் இங்கே வந்து இருபத்திரண்டு நாள். பக்கத்து ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு, பண்ணையின் சம்பா வயலில் இரண்டு ஊராரும் அரிவாள் வைக்கவில்லை. ஒரு நாள் பண்ணையின் வைக்கோல் போர் எரிந்தது. அன்று காத்தான் பட்டுக்கோட்டையில் இருந்தான். வழக்கு அவன் பேரில் போட்டார்கள்.

திங்கட்கிழமை தஞ்சாவூர்க் கோர்ட்டில் நேரே நிறுத்திவிடுவதாக வக்கீல் நாகநாதன் சொல்லியிருந்தார். அதுவரை ஸ்டேஷனில் சிக்கக் கூடாது. முன்பே சிக்கிய சங்கத்து ஆட்கள் இருவரில் ஒருவனுக்கு இப்போது இடது கை மடங்குவதில்லை.

இன்று சனி.

"ஆட்சிதான்க்கா மாறிச்சு. ஏட்டு அதே ஏட்டுதான்" என்றான் காத்தான், வந்த அன்று.

போலீஸ் இரவில்தான் வீடு புகுந்தது. இரண்டு முறை வந்து போயிற்று. அதனால் இரவெல்லாம் வாய்க்கால் நாணலுக்குள் கிடப்பான். பகலில் பரணில் தூங்குவான். தூங்கினால் குறட்டை தெருமுனைவரை கேட்கும். அதை மறைக்க ராசம்மாள் வாசலில் உலக்கை போட்டாள். உரலில் இரண்டு பிடி பழைய உமி. அடுப்பில் கீரைத்தண்டு.

அவன் காலில் சீழ் பிடித்தபோது ஒரத்தநாட்டிலிருந்து கம்பவுண்டர் ஜெக்கரியா வந்தார். குறட்டையையும் கேட்டார். தட்டி எழுப்பினார்.

"தொண்டைச் சதை தளந்து கெடக்கு. அதுக்கு வேலை குடுங்க. நாக்க மேலண்ணத்துல அழுத்தி ஒட்டவச்சு பத்து எண்ணுங்க. நீட்டி மூக்கத் தொடப் பாருங்க. வாயை நல்லாத் திறந்து ஆ, ஈ, ஊ. சத்தம் வரக்கூடாது. மூணு வேளையும்."

"யாராச்சும் பாத்தா சாமி வந்துடுச்சும்பாங்க" என்றான் காத்தான்.

"மேடையில ஆட்டுன நாக்குதானே? இன்னும் கொஞ்சம் ஆட்டு" என்றாள் ராசம்மாள்.

"உடனே நிக்காது. விடாமச் செய்யணும்" என்றார் ஜெக்கரியா.

விடாமல் செய்தான். தாடை வலித்துக் கீரையை மெல்ல முடியாமல் போனது. பத்து நாளில் குறட்டை தணிந்தது. இன்றுதான் அடியோடு இல்லை. அவள் உலக்கையை இறக்கிச் சுவரில் சாய்த்தாள்.

"என்ன ராசம்மா, நிறுத்திட்ட?"

பண்ணைக் காரியக்காரர் அமிர்தலிங்கம். குடையோடு வாசலில் நின்றார். அவர் இந்தத் தெருவுக்குள் வந்தது இல்லை. தெருமுனையில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"கை வலிங்கய்யா."

"தம்பி எங்க?"

"தெரியாதுங்க."

"திருப்பனந்தாள் பக்கம் பாத்ததா சொல்றாங்க."

"எனக்கென்னங்க தெரியும்?"

அவர் பேச்சை நிறுத்தினார். கேட்டுக்கொண்டு நின்றார். அவளும் கேட்டாள். கோழி ஒன்று குப்பையைக் கிளறியது. கூரை ஓலை ஒரு முறை அசைந்தது. பரணிலிருந்து எதுவும் வரவில்லை. அவர் வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். அப்போதும் எதுவும் வரவில்லை.

"சரி" என்று திரும்பினார்.

அவள் மூச்சு விட்டாள். கை பழக்கத்தில் உலக்கையை எடுத்தது. ஒரு குத்து விழுந்தது.

அமிர்தலிங்கம் நின்றார். திரும்பி வந்தார். குனிந்து உரலைப் பார்த்தார். குடை முனையால் உமியைக் கிளறினார். முனையை மெல்லத் துடைத்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"வாய்க்கால் கரையில போறப்பல்லாம் இந்தச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. முப்பது நாளா உங்க தெருவுக்கு ஒரு மணி நெல்லு வரல. இத்தனை நாளும் என்னத்த இடிச்ச, ராசம்மா?"