துறைப் பலகையின் கடைசி மூன்று வரிகள்

1

“இந்த மூணு வரியை உனக்கு யாரும்மா சொன்னது?”

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது. இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. அன்றைக்கே வாய் திறந்து பதில் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘விடுதலை வீரர்களின் குருதி கலந்து ஓடிய அந்த ஆறு—’

வேண்டாம். அது பலகை வாக்கியம். அந்த மாதிரி வாக்கியங்களை நான்கு பலகைகளில் நானே எழுதியிருக்கிறேன். (சாக்கட்டியால் மட்டும். அதன்மேல் பெயின்ட் அடிப்பது மாமா.)

2

மாமா, அம்மாவின் தம்பி. பெயர்ப்பலகை எழுதுகிறவர். எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதும், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பட்டறையில் சேர்த்துக்கொண்டார்.

ஆற்றங்கரையில் விடுதலைப் போராட்டம் நடந்த பதினொரு இடங்களுக்குத் தகவல் பலகை வைக்க மாவட்ட அலுவலகம் முடிவு செய்தது. பழைய சிறை, சுங்கக் கிடங்கு, பாலத்தடி, படகுத்துறை என்று ஒரு பட்டியல் வந்தது. எல்லாப் பலகையும் ஒரே அளவு, பதினாறு வரி. எழுதுவதற்கு அலுவலகம் அனுப்பிய விஷயம் மட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நீளம்.

முதல் பலகையில் கீழே நான்கு வரி காலியாக விட்டோம். ஒரே வாரத்தில் அங்கே இரண்டு பேர் தங்கள் காதலை ஆணியால் கீறிவிட்டுப் போய்விட்டார்கள். அதிகாரி மாமாவைக் கூப்பிட்டு, “இனிமே ஒரு விரல் இடம் காலி இருந்தாலும் பலகையைத் திருப்பி அனுப்பிடுவேன்” என்றார். அதன் பிறகு குறைகிற வரிகளை நாங்களே நிரப்பினோம். ‘இடத்தைத் தூய்மையாக வைத்திருப்போம்’ இரண்டு வரிக்கு வரும். ‘வரலாற்றுச் சிறப்பு மிக்க’ என்பதை எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். மாமா எழுத்தைப் பார்ப்பார், வார்த்தையைப் பார்க்க மாட்டார். சுழி சரியா, கால் நேராக நிற்கிறதா, அவ்வளவுதான் அவருக்கு. நான் சாக்கட்டியால் என்ன எழுதி வைத்தாலும் அதன்மேல் அழகாகப் பெயின்ட் ஏறிவிடும்.

3

படகுத்துறைக்கு வந்த விஷயம் பதின்மூன்று வரி. அதன் சாரம்: விடியற்காலையில் போராளிகள் ஐந்து படகுகளில் வந்தார்கள். கரையில் சிப்பாய்கள் காத்திருந்தார்கள். மூன்று படகுகள் சுடப்பட்டன. இரண்டு படகுகள் பாதி ஆற்றில் திரும்பிச் சென்றுவிட்டன.

ஏன் திரும்பின? தாளில் இல்லை. சிப்பாய்களுக்கு எப்படித் தெரிந்தது? அதுவும் இல்லை. இப்போது துறையில் ஆறும் இல்லை. நெடுங்காலத்துக்கு முன்பே அது தள்ளிப் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது மணலும் இரண்டு படிக்கட்டும் ஒரு நினைவுக் கல்லும்தான் இருந்தன.

மூன்று வரி குறைந்தது. என்னிடம் ஒரு நோட்டு உண்டு. (ஒன்று இல்லை, ஒன்பது. துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.) அதில் எழுதிப் பார்த்துவிட்டுப் பலகையில் இப்படி இறக்கினேன்:

‘அன்று துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஈரப் போர்வையைப் பாறைமேல் விரித்துக் காட்டிப் பின்னால் வந்த படகுகளை எச்சரித்தார். அவர் பெயர் தெரியவில்லை.’

கச்சிதமாக மூன்று வரி. கடைசி எழுத்துக்குப் பிறகு ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

4

தபால்காரரை முதல் பிரதியில் கோபக்காரராக எழுதினேன். கதைக்கு அது வசதி. ஆனால் அவர் அப்படி இல்லை. அந்தக் கோபக்காரரைக் கோடு போட்டு அடித்துவிட்டு இவரை எழுதுகிறேன்: மெலிந்தவர், காதில் கொஞ்சம் மந்தம். பலகை வைத்த மூன்றாம் மாதம், சாக்கட்டி பிடிப்பது நான் என்று தெரிந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, முதல் கேள்வியாக, கதையின் தொடக்கத்தில் நான் எழுதியிருப்பதைக் கேட்டார். நான் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

“வெக்கப்படுது, விடுங்க,” என்றார் மாமா. “ஆபீஸ்ல குடுத்ததுதான் எல்லாம்.”

“துணி துவைச்சது எங்க அம்மாய்யா,” என்றார் அவர். “அன்னிக்குத் துறையில இருந்தது அவங்க ஒருத்திதான். நான் அப்போ கைக்குழந்தை. சிப்பாய்ங்க அவங்கள ஒண்ணும் செய்யல. அதனால ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? இவதான் காட்டிக்குடுத்தான்னு. சாகிற வரைக்கும் யாரும் அவங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. முப்பது வருஷம் வீடு வீடா தபால் குடுத்திருக்கேன். நாலு வீட்டுல என்னை வாசல்லயே நிக்க வெச்சுத்தான் வாங்குவாங்க.”

“அவங்க என்ன சொன்னாங்க?” என்றார் மாமா.

“அவங்க எங்க சொன்னாங்க? ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப உங்க பலகை சொல்லுது.”

துறையின் நினைவுக் கல்லில் போராளிகளின் பெயர்கள் இருக்கின்றன. அதில் தன் அம்மாவின் பெயரைச் சேர்க்க விண்ணப்பம் கொடுத்திருந்தார். அலுவலகம் ஒரே ஒரு தாள் கேட்டிருந்தது: பலகைத் தகவல் ஆதாரபூர்வமானது என்று, எழுதியவரின் கையெழுத்தோடு.*

* தான் அனுப்பாத வரிகளுக்கு அலுவலகம் எங்களிடம் ஆதாரம் கேட்டது. தான் அனுப்பவில்லை என்பது அதற்கே தெரியாது. இது என் கற்பனை இல்லை. என் கற்பனை இவ்வளவு துணிச்சலானது இல்லை.

5

மாமாவைப் பட்டறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

“நீயா எழுதினியா? அடிக் கழுதை!”

“மூணு வரி குறைஞ்சுது மாமா.”

“குறைஞ்சா தூய்மையைப் போட வேண்டியதுதானே!”

“அவர்கிட்ட சொல்லிடலாம்.”

“வாய மூடிட்டு இரு. ஒரு மனுஷனுக்கு ஒரு நல்லது நடக்குது, நடக்கட்டும். ஏழு பலகை இன்னும் பாக்கி இருக்கு நமக்கு.”

“பொய்யாச்சே மாமா.”

“பெயின்ட் காஞ்சிருச்சு. இனிமே பொய் என்ன, மெய் என்ன.”

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருடைய கையெழுத்து மிக அழகாக இருக்கும்.

6

இங்கே கதையை முடிக்கலாம். கல்லில் பெயர் ஏறுகிறது. நான்கு வீட்டுக்காரர்களும் வந்து பார்க்கிறார்கள். வாசகருக்குக் கண் கலங்குகிறது. இந்த முடிவை எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன்.

அல்லது: நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் அந்தத் தாளை— (எழுத வரவில்லை.)

நடந்தது இவற்றில் எதுவும் இல்லை. அடுத்த பகுதிதான் நடந்தது, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அந்தத் தாள் அலுவலகத்துக்குப் போனதா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். அந்தப் பெண் அன்று உண்மையில் என்ன செய்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை மறக்காமல் எழுதுங்கள்.

7

தபால்காரர் அந்தத் தாளைப் படித்துக்கொண்டு இன்னும் முக்காலியிலேயே இருந்தார்; அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து, பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். தேதி பலகைக்கு முந்தையது, எழுத்து என்னுடையது. பார்த்தாலே புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

பக்கத்தின் மேற்பாதியில் என்ன இருந்தது என்பது, அவர் விரல் அங்கே நின்ற பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. நான் முதலில் எழுதியது:

‘அன்று துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், படகுகள் வரும் செய்தியைச் சிப்பாய்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால்தான் அவர்கள் விடியும் முன்பே கரையில் மறைந்து காத்திருந்தார்கள். அவர் பெயர் தெரியவில்லை.’

குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில், கோட்டுக்குக் காரணமாக என் கையெழுத்தில் நான்கு சொற்கள்: ‘ஒரு வரி கூடுதலாக வருகிறது.’

அவர் அதைப் படித்தார். கீழே உள்ளதைப் படித்தார். மறுபடி மேலே போனார். பட்டறையில் டர்பன்டைன் வாடை. மாமா தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு தபால்காரர் நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். கையெழுத்துப் போட்ட தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஐயா, சின்னப் பொண்ணு, தெரியாம...” என்றார் மாமா.

தபால்காரர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போனார்.