கடை வாசனை போகாத ஜாக்கெட்

மாமனார் கதவுக் கொக்கியிலிருந்து மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டை எடுத்தார். காலரை மூக்குப் பக்கம் கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்தார். அப்படியே திரும்ப மாட்டினார்.

"கடை வாசனை இன்னும் போகல, மாப்பிள்ளை."

தராசுக்காரன் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். கடைத்தெருவில் அவனுக்கு அதுதான் பெயர். மளிகைக் கடை, மாவு மில், மீன் சந்தை, நகைக் கடை என்று தினமும் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போவான். முத்திரையிட்ட எடைக் கற்களைத் தராசில் வைத்துப் பார்ப்பான். கூடக் குறைய இருந்தால் சரிசெய்வான். எடையளவு ஆய்வாளர் வந்து முத்திரை வைப்பதற்கு முன் தராசை ஒழுங்காக்கி வைப்பது அவன் வேலை.

ஜாக்கெட் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. வாங்கச் சொன்னவரே மாமனார்தான். போகிற வழியில் இருந்த கடையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்திருந்தான். கறுப்பு நிறம், தடித்த துணி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. போட்ட இரண்டாம் நாள் ஒரு மாவு மில்லில் தராசுக்கு முன்னால் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சூடு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மில்காரர்தான் முகத்தில் தண்ணீர் தெளித்து, சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும் என்று காட்டினார். அன்று கொக்கியில் ஏறியது அங்கேயே தொங்கியது.

மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். சாலையைப் பற்றி அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. பேத்தியை அவரும் மாமியாரும்தான் வைத்திருந்தார்கள். தராசுக்காரனின் மனைவியான அவர் மகள் ஒன்பது நாள் காய்ச்சலில் இறந்துபோனபோது குழந்தைக்கு மூன்றரை வயது. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு போனது, எட்டு மாதமாகியிருந்தது. பள்ளி திறப்பதற்குள் குழந்தை அப்பாவிடம் வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. அதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஒத்தக் கண்ணு உள்ளவன் அதை எவ்வளவு பத்திரமா வச்சுக்கணும்? அவளுக்கு நீங்கதான் இப்ப அந்தக் கண்ணு. வெறும் சட்டையோட அந்த வண்டியில போறவரை நம்பிப் புள்ளைய நான் விடமாட்டேன். வேர்வை படாத சட்டை வேலைக்குப் போகாத சட்டை. இதெல்லாம் நாங்க டிப்போல பாத்தது."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஏழு வாரம் இருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் மச்சினன் வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அப்பா அனுப்பினாரா என்று கேட்டதற்கு, அப்பா அனுப்பினால் வருவேனா, அக்கா இருந்தால் உதைத்திருப்பாள், அதற்குப் பயந்து வந்தேன் என்றான். வாகனச் சாமான்கள் விற்கும் தெருவின் கடைசியில் இருந்த கடைக்குக் கூட்டிப்போனான். உடைந்த எலும்போடு வருகிறவர்களில் பாதிப் பேர் மறுமாதம் அந்தக் கடையில்தான் நிற்பார்களாம்.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, என்ன விலையில் வேண்டும் என்று கேட்காமல், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை தடவை இறங்கி ஏறுவது, எந்த நேரத்து வெயில் என்று கேட்டார். அதெல்லாம் அவனுக்குத் தெரியும். எண்பது கிலோமீட்டர், பதினொரு இடம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை என்றான். அவர் ஆறு ஜாக்கெட்டுகளை எடுத்து மேஜைமேல் போட்டார்.

அவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க, அவர் கேட்டார்.

"எப்படி இருக்கு? புழுங்குதா?"

"தெரியல."

"இது?"

"தெரியல."

எட்டு மாதமாக அவன் எல்லோருக்கும் சொல்லிவந்த பதில் அது. சாப்பாட்டில் உப்பு சரியா, ராத்திரி தூங்கினாயா, எல்லாவற்றுக்கும் அதுதான். மச்சினன் கூரையைப் பார்த்தான்.

பிறகு தராசுக்காரன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்து, ஆறு ஜாக்கெட்டையும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எடை பார்த்தான். இரண்டு கிலோ நானூறு. இரண்டு கிலோ நூற்றிருபது. கடைசியாக ஒன்று, ஒரு கிலோ நூற்றெண்பது. இதுதான் என்று அதை மடிக்கத் தொடங்கினான்.

"தக்காளியா வாங்குறோம்?" என்றான் மச்சினன். ஜாக்கெட்டை இழுத்து முழங்கைப் பக்கம் விரலை விட்டான். கவசம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்று வந்தது. "மாமா, இது பாத்திரம் தேய்க்கிறது. இதைப் போட்டுட்டு விழுந்தீங்கன்னா நான்தான் படம் எடுக்கணும். முழங்கை மூணு துண்டா இருந்தா நேரா வச்சு எடுக்கவே முடியாது, தெரியுமா? ஆள் கத்துவாரு. உங்க கையை என்னால அமுக்கிப் பிடிக்க முடியாது."

விளையாட்டாகத்தான் தொடங்கினான். கடைசி வார்த்தை விளையாட்டாக வரவில்லை.

எடைக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று கடைக்காரம்மா சொன்னார். கனமில்லாத நைலான் ஆளைப் பொங்கல்பானை மாதிரி வேகவைக்கும்; கனமான வலைத்துணி காற்றை விடும். ஒரு சாம்பல்நிற ஜாக்கெட்டை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்தார். மார்பிலும் முதுகிலும் கையிலும் வெளிச்சம் சல்லடையில் வருவது போல வந்தது. தோளிலும் முழங்கையிலும் மட்டும் வரவில்லை. அங்கே தடித்த துணி, உள்ளே கட்டியான கவசம். தரையில் உரசுகிற இடம் அது, அங்கே காற்று வேண்டாம், மற்ற இடத்தில் காற்று போதும் என்றார். முதுகுக்கும் ஒரு கவசம் தனியாக எடுத்துச் செருகினார். வெளிர்நிறம் வெயிலை வாங்காது. அழுக்குத் தெரியும், தெரிந்தால் தெரியட்டும் என்றார்.

"போட்டுக்கிட்டு வண்டியில ஒரு சுத்துப் போயிட்டு வாங்க. ஏசியில நின்னு கேட்டா யாருக்குத்தான் தெரியும்?"

அது அவனுக்கு உறைத்தது. பட்டறை மேஜையில் சரியாக இருக்கிற தராசு கடையின் கோணல் தரையில் தப்புக் காட்டும் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன் அவன். எடைக்கல் பெட்டியை ஈடாக மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

மணி இரண்டு. தார் இளகிக் கிடந்தது. வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டியபோது ஜாக்கெட்டின் கை மணிக்கட்டு வரை நின்றது, மேலே ஏறவில்லை. முதல் சிக்னலில் நிற்க வேண்டியிருந்தது. கழுத்துப் பக்கம் ஒரு சொட்டு கிளம்பி முதுகெலும்பு வழியாக இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. எண்பது நொடி. விளக்கு மாறியது. நாற்பது வேகம் வந்ததும் மார்பு வழியாகக் காற்று நுழைந்து, நனைந்த பனியனைத் தடவிக்கொண்டு முதுகு வழியாக வெளியே போனது. அவன் வேகத்தைக் குறைத்தான். காற்று நின்றது. கூட்டினான். மறுபடி வந்தது. தராசில் கல்லை வைத்து எடுத்து வைத்துப் பார்ப்பது போல மூன்று நான்கு தடவை பார்த்தான்.

கடைக்குள் வந்து தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"நிக்கும்போது சூடு," என்றான். "ஓடும்போது சில்லுனு இருக்கு."

கடைக்காரம்மாவுக்கு அது சாதாரணப் பதில். பில் போடக் குனிந்தார். மச்சினன் மட்டும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, கையுறையும் இரண்டு ஜோடி எடுங்கள் என்றான்.

ஆறு வாரம் அவன் ஜாக்கெட்டும் கையுறையும் போடாமல் வண்டியை எடுக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் யாரோடு சண்டைக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். மீன் சந்தையில் ஒருத்தி, இந்தக் கவசம் போட்டு வந்தும் என் தராசு பத்துக் கிராம் திருடுவதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று கேலி செய்தாள்; அதையும் அவன் கண்டுபிடித்துச் சரிசெய்தான். உள்ளே பருத்திப் பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால் ஒரு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும் என்று மில்காரர் சொன்னார். முக்கால் மணி நேரம்தான் நின்றது. மாவும் மீனும் எண்ணெயும் வேர்வையும் ஏறி ஏறி, ஜாக்கெட்டை வீட்டுக்குள் வைக்க முடியாமல் பால்கனியில் மாட்டினான்.

ஆறாவது வாரச் சனிக்கிழமை வந்தது. மறுநாள் மாமனார் வருகிறார்.

அவன் வீட்டைக் கூட்டினான். குழந்தையின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினான். பிறகு, ஆய்வாளர் வருவதற்கு முன் தராசிலுள்ள மாவையும் பிசுக்கையும் துடைத்து வைக்கிற பழக்கத்தில், ஜாக்கெட்டை எடுத்தான். கவசங்களைக் கழற்றி இடம், வலம் என்று குறித்து வைத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டான். காலையில் கவசங்களைச் செருகி, கதவுக் கொக்கியில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தான். நேற்று வாங்கியது போல இருந்தது.

மாமனார் பத்து மணிக்கு வந்தார். குழந்தை அவர் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. தண்ணீர் கூடக் கேட்கவில்லை. நேராகக் கொக்கிக்குப் போய்க் காலரை முகர்ந்தார்.

இரண்டாம் தடவையும் முகர்ந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சோப்பு வாசனை."

"நேத்துத் தொவைச்சேன், மாமா."

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னு."

சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கே புரிந்தது. சாட்சியைத் தன் கையாலேயே பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறான். மச்சினனைக் கேளுங்கள் என்றான். அவன் உங்களுக்குக் கூட்டாளி, சின்ன வயதிலேயே அக்காவுக்காகப் பொய் சொன்னவன் என்றார் மாமனார். மில்காரர், மீன்காரி என்று இழுத்தான். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்:

"மாப்பிள்ளை, உங்களைக் குத்தம் சொல்லல. எனக்குப் பொண்ணு போயிட்டா. எனக்கு இன்னொரு தடவை ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்கார முடியாது. இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கு."

அவன் சுவர்ப் பக்கம் போனான். மின்விசிறியைப் போடக் கையை உயர்த்தினான். சட்டைக்கை சரிந்தது.

"அப்பா வளையல் போட்டிருக்காங்க," என்றது குழந்தை.

பக்கத்தில் வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு வளையம். அதற்கு மேலே கையும் கீழே விரல்களும் வெளுத்திருந்தன. அவனே அதைப் பார்த்திருக்கவில்லை. மற்றக் கையை நீட்டினான். அதிலும் இருந்தது.

மாமனார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். கட்டைவிரலை எச்சில் தொட்டு வளையத்தைத் தேய்த்தார். போகவில்லை.

"போடுங்க. ஜாக்கெட், கிளவுஸ் ரெண்டையும் போடுங்க."

அவன் ஜாக்கெட்டைப் போட்டான். கையுறையை மாட்டினான். வண்டிப் பிடியைப் பிடிப்பது போலக் கையை நீட்டச் சொன்னார். ஜாக்கெட்டின் கை முடிகிற இடத்துக்கும் கையுறை தொடங்குகிற இடத்துக்கும் நடுவே அந்தக் கறுப்பு மட்டும், அளந்து வைத்தது போல, தெரிந்தது. ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லை.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"கிளவுஸ் நீளமா வாங்கிருக்கலாம்," என்றார்.

"ம்."

"கீழ மாடிப்படி பக்கத்துல புள்ளையோட பை இருக்கு. அங்கேயே விட்டுட்டு வந்தேன். போய் எடுத்துட்டு வாங்க."

அவன் ஜாக்கெட்டோடு இறங்கினான். மின்சாரப் பெட்டிக்குக் கீழே பூப்போட்ட துணிப்பை இருந்தது. எந்தச் சுமையையும் தூக்கியதும் எடை மனதில் வந்துவிடும் அவனுக்கு. ஆறு கிலோ, ஆறே கால் என்று நினைத்துக்கொண்டு படியேறினான். இரண்டாம் மாடி வருவதற்குள் வேர்த்து வழிந்தது. நன்றாகவே தெரிந்தது. மேலே வந்ததும் பையை இறக்குவதற்கு முன் கொக்கித் தராசை எடுத்து மாட்டிப் பார்த்தான்.

ஏழு கிலோ நூறு. மாமியார் என்னென்னவோ வைத்து அனுப்பியிருந்தார்.