பல்லில்லாத வாள்

பேளுக்குறிச்சி சந்தையில் ஊசியும் நூலும் விற்கும் அப்பாஸ் அலியின் கடை முன்னால் அர்த்தனாரி வெகுநேரமாக உட்கார்ந்திருந்தான். எதிரே உள்ளங்கை அகலத்தில் இரண்டு செப்பு வட்டுகள். கல் அறுக்கும் வாள் வேண்டுமென்று அவன் நச்சரித்ததால் திருச்சியிலிருந்து வந்தவை. ஒன்று அப்பளம்போல மெலிசு. மற்றது அதற்கு இரண்டு பங்கு தடிமன்.

“பல்லே காணமே பாய்? இதுல வைரம் எங்கிருக்குது?” என்றான் கூட வந்த பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன்.

“விளிம்பைக் கீறிக் கீறி, உள்ளே வைரப்பொடியை வெச்சு அடைச்சிருக்காங்க. கண்ணுக்குத் தெரியற வைரமா இருந்தா நான் ஏன் ஊசி விக்கறேன்?”

அர்த்தனாரி நோட்டைத் திறந்தான். மலைமேல் செம்மேட்டில் அவன் தையல்காரன். சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டதிலிருந்து, எழுதிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய அவனுக்குத் தைரியம் வருவதில்லை. ‘மெலிசு: கல் வீணாகாது, வட்டு வளையும். தடிமன்: வளையாது, கல் பொடியாகப் போகும்.’ அவனிடம் இருந்ததோ ஓடையில் கிடைத்த எலுமிச்சம்பழ அளவுக் கல் ஒன்றுதான். அதன் மூக்கில் ஊதா நிறம் எட்டிப் பார்த்தது. உள்ளேயும் அப்படியா என்று தெரியாமல் ஒரு மாதமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தடிமனை வாங்கினான். மலையடிவாரம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் மெலிசுக்கு மாற்றிக்கொண்டான்.

“பொண்ணு பார்க்கறப்பவும் இப்படித்தான் பாதி வழியில திரும்பினயா மாப்ள?” என்றான் கருப்பண்ணன்.

“இல்லீங்க மாமா. அப்ப எங்கிட்ட நோட்டு இல்ல.”

வீட்டில் தையல் மிஷினின் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, மிதியோடு ஓர் இரும்புத் தண்டைப் பொருத்தி, அதில் வட்டை மாட்டினான். அவன் மனைவி அம்சவேணி மூலையில் கிடந்த மிஷின் தலையையும், தைக்காமல் குவிந்திருந்த ரவிக்கைத் துணிகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அடுத்த சந்தைக்குள்ள கல்லு அறுபடலீன்னா வட்டு பாய்கிட்டப் போகோணும். தலை மிஷினுக்கு வரோணும். அப்புறம் கல்லுன்னு பேச்செடுக்கக் கூடாது. ஆமாங்களா?”

“ஆமா,” என்று அதையும் எழுதிக்கொண்டான்.

முதல் நாள் கல்லில் ஒரு கோடு விழுந்தது. இரண்டாம் நாள் அந்தக் கோடு பளபளத்தது. மூன்றாம் நாள் இன்னும் நன்றாகப் பளபளத்தது. ஒரு நூல்கூட ஆழம் போகவில்லை. ‘தடிமனையே வாங்கியிருக்க வேண்டும்’ என்று எழுதினான். கீழே, ‘அதுவும் சந்தேகந்தான்’ என்று சேர்த்தான்.

சந்தைக்கு முந்தின நாள் காலையில் பக்கத்து ஊரான வாழவந்திக்குத் துணி அளவெடுக்கப் போனான். ராகி அறுப்பு நெருங்கிய சமயம். தெருவிலுள்ள அரிவாள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சாணை பிடித்துக் கொடுப்பது கருப்பண்ணன் முறை. கூடையோடு வந்தவனிடம் அம்சவேணி இரண்டு அரிவாளைப் போட்டாள். கொஞ்சம் யோசித்து, வட்டையும் கழற்றிப் போட்டாள்.

“இதுவும் மழுங்கிக் கெடக்குதுங்கண்ணா. பாவம், மூணு நாளா மிதிக்கறாரு.”

அர்த்தனாரி திரும்பி வந்தபோது கருப்பண்ணன் மணற்கல்லில் வட்டின் விளிம்பைப் பரபரவென்று இழுத்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ மாமா! வைரமெல்லாம் போச்சே!”

“கத்தாதே மாப்ள. போனது என் சாணைக்கல்லு. பாரு, எப்படித் தின்னு வெச்சிருக்குதுன்னு!”

மணற்கல்லில் விரல் நுழையும் பள்ளம். அர்த்தனாரி வட்டை வாங்கி விளிம்பைத் தடவினான். நேற்று வரை வழுவழுப்பாயிருந்தது இன்று பூனை நாக்குப் போலச் சொரசொரத்தது. வைரம் போகவில்லை, அதை மூடிக் கிடந்த செம்புதான் தேய்ந்துபோயிருந்தது.

நோட்டைத் தேடாமல் ஓடிப்போய் வட்டை மாட்டி மிதித்தான். கருப்பண்ணனும் கூடவே வந்தான். கல்லின்மேல் ஊற்றிய தண்ணீர் பால்போல வெளுத்து ஒழுகியது. பொழுது சாய்வதற்குள் கல் ‘டக்’கென்று இரண்டாக விழுந்தது. உள்ளே நடுவரைக்கும் ஊதா. அதைச் சுற்றி வெள்ளை வளையம்.

அம்சவேணி ஒரு பாதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அர்த்தனாரி மிஷின் தலையைப் பார்த்தான்.

“ஏனுங்க,” என்றாள் கடைசியில், “நம்ம மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துல முட்டையாட்டம் ஒரு கல்லு கெடக்குதே, அதுக்குள்ள என்ன இருக்கும்?”

பதிலுக்குக் காத்திராமல் எடுத்துவரக் கிளம்பிவிட்டாள்.

“மொதல்ல எனக்கொரு சாணைக்கல்லு கொண்டா அம்மிணி!” என்று பின்னாலேயே கத்தினான் கருப்பண்ணன்.