தைலத்துக்கு எழுதினவன்

1922-ஆம் வருஷம் மலாயாவின் ஈப்போவில் ஜஹாங்கீர் ராவுத்தர் தம்முடைய ஜாதிக்காய்த் தைலத்தைப் பற்றித் தாமே எழுதி அச்சடித்து ஒட்டிய நோட்டீஸ்களிலிருந்து எழுத்துகள் வழுக்கிக் கீழே விழுந்தன. ஒட்டிய அன்றே 'உலகிலேயே சிறந்த' என்பது விழுந்தது. மறுநாள் 'கைகண்ட மருந்து' போனது. வாரக் கடைசியில் சுவரில் வெள்ளைத் தாள் மட்டும் மிஞ்சியது. உதிர்ந்த எழுத்துகள் சாக்கடை ஓரம் கறுப்பாகக் குவிந்து கிடந்தன. கோழிகள் வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. ராவுத்தர் அச்சகத்தை மாற்றினார், பசையை மாற்றினார், மைக்குக் கூடுதலாகக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்து பாதித் தோட்டங்கள் வேலையை நிறுத்தியிருந்த காலம் அது. தைலப் புட்டிகள் கடைக்குள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

தைலம் காய்ச்சுகிறவர் அவர் மனைவி பதுருன்னிசா. அடுப்படியிலிருந்தே அவர் சொன்னார்: "நம்ம சரக்க நாமளே நல்லா இருக்குன்னா எழுத்துக்கே வெக்கமா இருக்காதா? வெளியாளு ஒருத்தரக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்க." ராவுத்தருக்கு அது வீண் செலவாகப் பட்டது. தமக்குத் தெரியாத எதை ஒரு அந்நியன் தம் தைலத்தில் கண்டுபிடித்துவிடப் போகிறான் என்று ஒரு மாதம் முனகிக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்பாவு செமோர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து வேலை போனவன். நல்ல கையெழுத்து, சாந்தமான குரல். கடைக்கு வந்தவன் தைலத்தைப் புகழ்ந்து ராவுத்தர் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு புட்டியைக் கேட்டு வாங்கிப் போய்விட்டான். ஒரு வாரம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் சுற்றினான். பால் வெட்டுகிறவர்கள் காலையில் எப்படி எழுந்திருக்கிறார்கள், எந்த விரல் முதலில் மடங்க மறுக்கிறது, மழைநாளில் யார் மணிக்கட்டைத் துணியால் கட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தான். திரும்பி வந்து எழுதிக் கொடுத்தது சில வரிதான். 'விடிகாலையில் கத்தியைப் பிடிக்க விரல் மடங்கவில்லையா? நேற்றே இதைத் தடவியிருக்கலாம். பரவாயில்லை, இன்றைக்குத் தடவுங்கள். நாளைக்கும் மரங்கள் அங்கேதான் நிற்கும்.'

இதில் தம் பெயரும் இல்லை, தைலத்தின் பெருமையும் இல்லையே என்று ராவுத்தர் மலைத்தார். ஆனாலும் ஒட்டினார். எழுத்துகள் நின்றன. மழை அந்தத் தாளை விட்டு விலகிப் பெய்தது. சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் சுரண்டிப் பார்த்தார்கள், காரைதான் பெயர்ந்தது. பக்கத்தில் போனவர்களுக்குத் தாளிலிருந்து ஜாதிக்காய் வாசம் அடித்தது. படிக்கத் தெரியாதவர்களும் அதன் முன்னால் நின்று விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டார்கள். தாப்பாவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. இரண்டு வருஷத்தில் ராவுத்தர் பக்கத்துக் கடையையும் எடுத்தார். தையற்கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர் என்று மற்றவர்களும் அப்பாவுவைத் தேடி வந்தார்கள். அவன் எழுதிய எதுவும் விழவில்லை. ஊரில் அவனை எழுத்துக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவனுக்குக் குடும்பம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

குடும்பம் இருந்தது. மனைவி வீரம்மா ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில், மாரியம்மா என்பவளின் வீட்டு வாசலில் பலகை போட்டுப் பணியாரம் விற்றாள். அவள் கண்ணுக்குப் புருஷன் மட்டும் தெரியமாட்டான். 1921-இல் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, ஊருக்குக் கப்பலேற்றப்பட வேண்டியவர்களின் பெயர்களைக் காலைப் பெரட்டில், எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வைத்து, அப்பாவுதான் கூப்பிட்டான். வீரம்மாவின் தம்பி சீனியின் பெயரையும் கூப்பிட்டான். சீனிக்கு அப்போது காய்ச்சல். துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்ற நாளில் வேலைக்குக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். சீனி நாகப்பட்டினம் போய்ச் சேரவில்லை. நடுவழியிலேயே உயிர் போய், உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். சேதி வந்த அன்று வீரம்மா சண்டை போடவில்லை, அழவுமில்லை. அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். எதிரே புருஷன் இல்லை. அவன் அங்கேதான் நின்றிருந்தான். அவன் பேசியதும் அவள் காதில் விழவில்லை. ஆளில்லாத வீட்டில் எதற்கு இருப்பது என்று துணியை மூட்டை கட்டிக்கொண்டு புந்தோங் வந்துவிட்டாள். அடுத்த மாதம் அப்பாவுவையும் தோட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் அவன் போய் அவள் முன்னால் நிற்பான். அவள் அவனுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்து என்ன வேணும் என்பாள். ஒருமுறை எழுந்து திரும்பியவள் அவன் மேல் மோதி, ஏதோ கம்பத்தில் இடித்துக்கொண்ட மாதிரி தோளைத் தேய்த்துக்கொண்டு விலகிப் போனாள். "அவ நடிக்கிறதா நெனைக்காதீங்க அண்ணே," என்றாள் மாரியம்மா. "நெசமாவே தெரியல அவளுக்கு."

1925-இல் அப்பாவு தன்னைப் பற்றியே ஒரு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தான். எழுதிய வரிகள் தாளிலிருந்து வழிந்து மடியில் கொட்டின. பல தாள் போனது. கடைசியில் ராவுத்தரிடம் வந்தான்.

"எனக்கு ஒண்ணு எழுதித் தரணும் ராவுத்தரே."

"நீங்க எழுதாததையா நான் எழுதிரப் போறேன்?"

"எனக்கு நானே எழுத முடியல லா. நீங்க வெளியாளு. என்னையப் பத்தி நல்லதா, மனசுல படுற மாதிரி நாலு வரி."

ராவுத்தர் மறுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவனுக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. பொய் எழுதவும் மனசில்லை. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். அவன் எழுதிக் கொடுத்த தாள்கள்தான் நினைவுக்கு வந்தன. லயம் லயமாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 'அப்பாவு ஒழுங்கானவர். நேரம் தவறமாட்டார். அவர் வேலையில் குறை சொல்ல இடமில்லை' என்று எழுதினார். எழுத்துகள் அசையாமல் நின்றன. மறுநாள் அப்பாவு வந்து அவற்றை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

வீரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ராவுத்தரே புந்தோங் போய், அவள் பலகைக்கு எதிர்ச்சுவரில் தாளை ஒட்டி, உரக்கப் படித்துக் காட்டினார். அப்பாவு துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அவள் கரண்டியை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"எழுதியிருக்கிறது சரிதான் அண்ணே. அன்னிக்கும் அவரு வேலையில குறை சொல்ல இடமில்ல. ஒரு பேரு விடாமக் கூப்பிட்டாரு." பிறகு, "கூப்பிடறப்போ என் தம்பி பேருல ஒரு தரமாச்சும் குரல் தடுமாறிச்சான்னு எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

ராவுத்தர் அப்பாவுவைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தால் போதும், அவர் அப்படியே சொல்லிவிடத் தயாராக இருந்தார். அப்பாவு தலையசைக்கவில்லை.

"தடுமாறல," என்றான்.

"இல்லம்மா, எழுதல," என்றார் ராவுத்தர். அவள் சரி என்றுவிட்டு அடுப்பை ஊதினாள்.

நோட்டீஸ் தன் வேலையைச் செய்யாமல் இல்லை. கித்தா விலை ஏறியிருந்த சமயம்; நேரம் தவறாத, குறை சொல்ல இடமில்லாத கிராணி வேண்டும் என்று தோட்டங்களிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் அவனைத் தேடிப் புந்தோங்குக்கே வந்தார்கள். பெரட்டில் பெயர் கூப்பிடும் வேலை, முன்னைவிட நல்ல சம்பளம். அவன் எவரோடும் போகவில்லை. எழுதுவதையும் விட்டுவிட்டான். காலையில் ராவுத்தர் கடையில் புட்டி கழுவிவிட்டு, உச்சிவெயிலுக்கு முன்னால் புந்தோங் வந்து அவள் பலகைக்குப் பக்கத்தில் நிற்பான், சாயங்காலம் வரை. சந்தில் போகிறவர்கள் அவனைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வீரம்மா பலகையைக் கொஞ்சம் அவன் பக்கமாக நகர்த்திப் போட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், இந்த இடத்தில் மட்டும் மத்தியானத்தில் வெயில் விழுவதில்லை, என்ன காரணமோ தெரியவில்லை என்றாள். ஆமாம், அது நல்ல இடம்தான் என்று சந்துக்காரர்களும் சொன்னார்கள்.