மூட்டத்துக்குப் போன மலை

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்துமூன்றாம் வருஷம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. மரங்களை வெட்டி அடுக்கி, மண்பூசி மூட்டம் போட்டு அந்தக் கரியைச் சுட, குற்றாலத்து மலைச்சரிவு ஒன்றைக் காண்டிராக்டர் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். அதுவரை அங்கே சுள்ளி பொறுக்கித் தென்காசிக் கடைத்தெருவில் விற்றுப் பிழைத்த பெண்களை, "உதிந்த குச்சியும் குத்தகைக்காரருக்குத்தான்" என்று பாரஸ்ட் கார்டு விரட்டினான்.

ஹைருன் பீவி மட்டும் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. புருஷனை இழந்தவள். ஓடைக்குள் இறங்கி ஏறும் கள்ளவழி ஒன்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மாடத்தியின் புருஷன் காய்ச்சலில் விழுந்தபோது அவளையும் அதில் கூட்டிப்போனாள்.

ஒருநாள் மாடத்தி தனியாக வந்து கார்டிடம் மாட்டிக்கொண்டாள். அவன் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டான்.

"இன்னும் யாரு வருதா? எந்த வழி? சொன்னா கரிமூட்டத்துல வேல வாங்கித் தாரேன். இல்லன்னா ஸ்டேஷனுக்கு நட."

வீட்டில் கிடந்தவனுக்கு அன்று கஞ்சிகூட வைத்திருக்கவில்லை. சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஹைருன் பிடிபட்டாள். பதினைந்து நாள் காவலில் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே மூட்டத்துக்கு வந்தாள். மாடத்தி முகமெல்லாம் கரியாக, பச்சைமரத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயாட்டி சொன்ன?"

"ஆமாக்கா. வீட்டுல கெடக்க மனுசனுக்கு..."

"அவனுக்குக் காய்ச்சல்னுதானட்டி அந்த வழியவே உனக்குக் காட்டுனேன்."

மாடத்தி கையிலிருந்த துண்டை வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். நிமிர்ந்தபோது ஹைருன் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

எட்டு மாசத்தில் சரிவு மொட்டையாயிற்று. மாடத்தியின் புருஷன் அதற்கு முன்பே செத்துப்போனான். காண்டிராக்டர் செங்கோட்டைப் பக்கம் வேறு மலை பார்த்துப் போய்விட, வேலையும் நின்றது.

மாடத்தி மண்வெட்டியோடு மலையேறினாள். வெட்டிய மரங்களின் தூர்கள்தான் மிச்சம். ஹைருன் ஏற்கெனவே ஒரு தூரைச் சுற்றித் தோண்டி விறகுக்கு வேர் பறித்துக்கொண்டிருந்தாள். கீழே பாதையில் போன கார்டு அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் வழியே நடந்தான். காவல் காக்க அங்கே ஒன்றுமில்லை.

"அக்கா" என்றாள் மாடத்தி.

ஹைருன் எழுந்து, காலால் மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள்.

"இதுக்கு மேல உள்ளது எனக்கு. தாண்டி வரப்படாது."

கோட்டுக்குக் கீழே இருந்த தூர்களை யாரோ முன்பே பறித்துப் போயிருந்தார்கள். மாடத்தி ஒரு குழிக்குள் இறங்கி, அறுந்து கிடந்த வேர்களைக் கிளற ஆரம்பித்தாள்.