அட்டவணையில் விட்டுப்போன நாள்

எங்கள் மலையில் எந்த மாதம் எங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னைத்தான் கேட்க வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள முன்வரவில்லை. தோட்ட அலுவலகத்தில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. மாதக் கடைசியில் எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரு தாளில் அடித்து, தானா ராத்தா சாப்பாட்டுக் கடை முதல் கோலா தெர்லா மளிகைக் கடை வரை ஒட்டச் சொல்லி அனுப்புவேன். ரிங்லெட்டில் ரத்ததானம், பிரிஞ்சாங்கில் சிறுவர் ஓவியப் போட்டி, சர்ச்சில் திருநாள் விருந்து என்று எதையும் விடமாட்டேன்.

இந்த மாதத் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது இதுதான்: "சனிக்கிழமை மாலை 4 மணி, தானா ராத்தா திடலில் மலைநாட்டுக் கலைமாலை. அறிவிப்பாளர்: விக்னேஸ்வரி." அதற்குக் கீழே, அடுத்த வாரம் ஞாயிறு, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி. இரண்டுக்கும் நடுவில் எட்டு நாள் இடைவெளி இருக்கிறது, ஒன்றோடு ஒன்று இடிக்காது என்று கூட்டத்தில் அடித்துச் சொன்னவளும் நான்தான். அந்தத் தாளில் ஒரு நாள் விட்டுப்போயிருந்தது. அது எனக்கு உறைத்தது சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு.

தோட்டத்து கேட்டில் வேன் நின்றது. கும்மி அடிக்கும் பதினொரு பெண்களும் பட்டுப்பாவாடை, பூ, பவுடர் சகிதம் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஏறாமல் நின்றவள் பூவிழி ஒருத்திதான். அவள் என் அண்ணன் தர்மாவின் மகள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி தரம் பிரிக்கிறாள். அவள் பாடினால்தான் மற்றவர்கள் கை தட்டவே முடியும். கோலாலம்பூரிலிருந்து ஓர் இசைப்பள்ளி அம்மா அவள் பாட்டைக் கேட்பதற்கென்றே வருகிறார். ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, கட்டணமில்லாத படிப்பு. ஐந்து மணிக்கு மேடையில் பூவிழி பாடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த அம்மாவை வரவழைக்க நான் ஆறு மாதம் போனில் தவம் கிடந்திருக்கிறேன்.

"ஏறும்மா, என்ன கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்கிற?" என்றேன்.

ஓட்டுநர் கந்தசாமி ஹாரன் அடித்தான். "அக்கா, மூணு நாள் லீவுலா. கியா பார்ம்ல இப்பவே ஜாம் பிடிச்சிருச்சாம். ரெண்டரைக்குள்ள எறங்கலேன்னா அஞ்சு மணிக்குப் போய்ச் சேர முடியாது. சொல்லிட்டேன், அப்புறம் என்னைய ஏசக்கூடாது."

பூவிழி கேட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, இடது கைச் சட்டையை மெதுவாக மேலே இழுத்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு.

காப்பு. தீமிதிக்குப் பத்து நாளைக்கு முன்னால் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர்கள் விரதம் இருந்து நெருப்பு மிதிக்கிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. வேப்பிலை கட்டிய கேட்தான் எல்லை. இது எங்கள் தோட்டத்தில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் தாளில் தீமிதி நாளைப் போட்டேனே தவிர, காப்புக் கட்டும் வியாழக்கிழமையை எண்ணிப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி நான்தான்.

"யாரைக் கேட்டு கட்டுன?" என்று கத்திவிட்டேன்.

"உங்களைத்தான் கேட்டேன் அத்தை. வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்தேனே. அப்பாவுக்காக நம்ம வீட்ல யாராச்சும் காப்புக் கட்டணும், நீங்க வர்றீங்களான்னு கேட்டேன். போன்ல மேடைக்குக் கூடாரம் போடுறவங்கூட பேசிக்கிட்டே, எனக்கு நேரமில்ல, நீ பாத்துக்கன்னு சொன்னீங்க."

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அண்ணனுக்குப் போன வாரம் நெஞ்சுவலி வந்து, ஈப்போ மருத்துவமனையில் கிடக்கிறார். திங்கட்கிழமை ஆபரேஷன். அண்ணி அவர் பக்கத்தில் இருக்கிறாள். வீட்டில் மிச்சம் இருப்பது இந்தப் பிள்ளையும் நானும்தான்.

"கட்டும்போது தெரியாதா, சனிக்கிழமை பாட்டு இருக்குன்னு?"

"தெரியும். எப்படியாவது தாண்டிப் போயிட்டு வந்துறலாம்னு நெனச்சேன். இப்ப இங்க வந்து நின்னா கால் வர மாட்டேங்குது அத்தை. நான் தாண்டி, திங்கக்கிழமை அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். "நீங்க போங்க. வேற யாரையாச்சும் பாட வைங்க."

வேறு யார் பாடுவது? கந்தசாமியா?

நான் கந்தசாமியிடம் அரை மணி நேரம் கேட்டேன். இருபது நிமிடம்தான் தருவேன் என்றான். பூவிழியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். தேயிலைக்கு நடுவில் ஏறும் அந்தக் குறுக்குப் படியில் நான் ஓடி முப்பது வருடம் இருக்கும். மூச்சு இரைத்தது, பட்டுச்சேலை செடியில் மாட்டிக் கிழிந்தது. அறிவிப்பாளருக்கென்று ஈப்போவில் எடுத்த சேலை.

பூசாரி சிங்காரம் தீக்குழி வெட்டும் இடத்தில் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். கோயில் வேலை இல்லாத நாளில் அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நான் சொன்னதையெல்லாம் அவசரமில்லாமல் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"காப்போட போயிட்டு, பாடி முடிச்சதும் நேரா வந்துரட்டும் பூசாரியண்ணே. ஆத்தா கோவிச்சுக்குவாளா?"

"நான் யாரும்மா சொல்றதுக்கு? பூ போட்டுக் கேப்போம்."

மலையில் பூவுக்கா பஞ்சம்? ஒரு வெள்ளைச் சாமந்தியையும் ஒரு சிவப்பு ரோஜாவையும் தனித்தனியே வாழையிலையில் பொட்டலம் கட்டினார். குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கேட்க வேண்டியதை நானே சத்தமாகக் கேட்டேன். "ஆத்தா, நிகழ்ச்சி நல்லபடியா நடக்கணும். இவ போயிட்டு வரட்டும்."

பூவிழி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

பூவை அம்மன் காலடியில் வைத்துவிட்டுத் தூணோரமாகப் போய் உட்கார்ந்தாள். கீழே கந்தசாமியின் ஹாரன் கேட்டது. மணி ஒன்று ஐம்பத்தைந்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஆத்தா வேணாங்கிறா. விட்டுரும்மா," என்றார் சிங்காரம். "காப்பு என்ன கைக்கடிகாரமா, போட்டுட்டு ஊரைச் சுத்த?"

"அப்ப அவிழ்த்துருங்க."

"அவிழ்த்துட்டா உன் அண்ணனுக்கு வச்ச வேண்டுதலை யாரு செய்யிறது?" கையில் இருந்த அளவுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "தப்பா நினைக்காத. வியாழக்கிழமை தர்மா பேரைச் சொன்னப்போ நான் உன்னைத்தான் எதிர்பார்த்தேன். கூடப் பொறந்தவ நீ. புள்ளை தனியா வந்து நின்னுச்சு."

அவர் என்ன சொல்லாமல் சொல்கிறார் என்று புரிந்தது. எனக்கு நெருப்பு ஆகாது. பன்னிரண்டு வயதில் மஞ்சள் சேலை கட்டி, காப்புக் கட்டி, தீக்குழி ஓரம்வரை போய், அனல் முகத்தில் அடித்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியவள் நான். அன்றைக்கு அண்ணன்தான் என் காப்பைத் தன் கையில் கட்டச் சொல்லி, எனக்குப் பதிலாக இறங்கினார். அவருக்குப் பதினாறு வயது. ஒரு வாரம் காலில் கொப்புளத்தோடு பள்ளிக்கூடம் போனார். அதற்குப் பிறகு நான் தீமிதி அன்றைக்கு மைக்குக்குப் பின்னால் இருந்துவிடுவேன். மைக் பிடித்தவளை யாரும் குழியில் இறங்கு என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் புரிந்தது. காப்பு என் கைக்கு வந்தால் நானும் கேட்டைத் தாண்ட முடியாது. ஆறு மாதம் நான் ஓடியாடி, எழுதி, ஒட்டி, சண்டை பிடித்து ஏற்பாடு செய்த மேடை எனக்கு இல்லை. மைக்கை கேத்லீன் டீச்சர் பிடிப்பார். சர்ச் பாடகர் குழுவை நடத்துகிற கேத்லீன். எனக்கும் அவருக்கும் யார் அறிவிப்பாளர் என்று கூட்டத்திலேயே வாய்ச்சண்டை ஆகியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நெருப்புக்கு அடுத்தபடியாக அந்த நேரத்தில் என்னை உறுத்தியது இதுதான்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றேன்.

சிங்காரம் புதிதாகப் பொட்டலம் கட்டினார். இந்த முறை நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆத்தா, என் அண்ணன் எனக்காக எறங்கினாரு. இப்ப அவருக்காக நான் எறங்குறேன். இந்தப் புள்ளைய விட்டுரு," என்றேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மைக்கில் ஒருநாளும் உடையாத குரல்.

"அத்தை, வேணாம். உங்களால முடியாது," என்று பூவிழி எழுந்து ஓடி வந்தாள்.

"எடுடீ பொட்டலத்த."

எடுத்தாள். பிரிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நானே பிடுங்கிப் பிரித்தேன். வெள்ளைச் சாமந்தி.

சிங்காரம் முதலில் என் கையில் புதுக் காப்பைக் கட்டினார், பிறகு கற்பூரம் காட்டி அவளுடையதை அவிழ்த்துப் பாலில் போட்டார். கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு பன்னிரண்டு. கந்தசாமி ஏச வாயைத் திறந்தான். என் மணிக்கட்டைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். அறிவிப்புத் தாள்கள் இருந்த ஃபைலைப் பூவிழியின் மடியில் வைத்தேன். வேன் தோரணத்தைத் தாண்டிப் போனது. நான் இந்தப் பக்கம் நின்றேன்.

கேத்லீனுக்குப் போன் செய்தேன். "டீச்சர், நான் வர முடியல. நீங்கதான் அறிவிக்கணும்."

"என்னக்கா, என்ன ஆச்சு?" அவர் குரலில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. பயம்தான் இருந்தது.

"அதெல்லாம் அப்புறம். பூவிழி மேடையேறுற வரைக்கும் அந்த கே.எல். இசைப்பள்ளி அம்மாவை எந்திரிச்சுப் போக விடாதீங்க."

கேட்டுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். மூன்றரைக்கு கந்தசாமி போன் செய்தான்: கியா பார்முக்கு முன்னால் அரை மணி நேரமாக வேன் நகரவில்லை. நாலு நாற்பதுக்கு பூவிழி: இப்போதுதான் பிரிஞ்சாங். ஐந்து மணிக்கு யாரும் கூப்பிடவில்லை. ஐந்து ஐந்துக்கு நான் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. முகநூலில் நேரலை போகிறது என்று தெரியும். ஆனால் கேட்டில் லைன் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் வராது. ஐந்து பத்துக்கு கேத்லீன் ஒரு வரி அனுப்பியிருந்தார்: "என் பிள்ளைகளை இன்னும் ரெண்டு பாட்டு பாட வைக்கிறேன். அந்தம்மா மணியைப் பார்க்கிறார்." நான் கேத்லீனைப் பற்றி இத்தனை நாளும் பேசியதையெல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன்.

அதன் பிறகு இருபது நிமிடம் ஒன்றுமில்லை. கொழுந்து ஏற்றிய லோரி ஒன்று என்னைத் தாண்டி உள்ளே போனது. எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன், மாதாவையும் விடவில்லை.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. பூவிழி என்று பதறி எடுத்தேன். அண்ணன். ஈப்போவிலிருந்து.

"விக்னேசு! புள்ளை பாடுறா. பாத்துக்கிட்டே பேசுறேன். போன்ல போட்டுக் குடுத்தா உங்க அண்ணி. நர்சுங்க எல்லாம் கட்டிலைச் சுத்தி நிக்கிறாங்க." அவர் மூச்சு விட்டு விட்டுப் பேசினார். போனுக்குப் பின்னால் சன்னமாகக் கைதட்டல், அதற்கு மேலே பூவிழியின் குரல். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "முன்வரிசைல கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நிகழ்ச்சித் தாளைக் கீழ வச்சிட்டு கேக்குது. ஆமா, உன்னை ஏன் காணோம்? அந்த டீச்சரம்மால்ல மைக்ல பேசுது. நீ எங்க இருக்க?"

"கேட்டுலதான் இருக்கேன்."

"தோட்டத்து கேட்லயா? ஏன், வேன் கெட்டுப் போச்சா?"

"இல்லண்ணே. கேட்டுக்கு உள்ள இருக்கேன்."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நீயா கட்டிருக்க?" என்றார்.

"ம்."

"நெருப்பைப் பாத்தா ஓடுவியே தாயி."

"ஓட மாட்டேன். புடிச்சுக்கறதுக்கு நீங்க வாங்க."

அண்ணன் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "திங்கக்கெழமை கத்தி வச்சிட்டு ஞாயித்துக்கெழமையே எப்படி வர்றது?" என்றார். பிறகு, சின்ன வயதில் அதட்டுகிற அதே குரலில், "செருப்பைக் கழட்டு. இன்னையிலேர்ந்து வெறுங்கால்ல நடந்து பழகு. குழியில கீழ பாக்காத. ஆத்தா மூஞ்சியப் பாத்து நட. ஓடாத, ஓடுனாத்தான் சுடும்."

"சரிண்ணே."

"இரு, பாட்டு முடியட்டும். போனை வச்சிராத."

நான் வைக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். போனைக் காதில் வைத்தபடி, கூர்க்கல் சரளை போட்ட அந்த ரோட்டில் வீட்டை நோக்கி நடந்தேன். நன்றாக வலித்தது.